ஒரே வீடு, பாதிக் கடன், சின்னப் பிள்ளைகள்: உங்களுக்கு உயில் எதற்கு?

நீங்கள் கேட்டது இது: "எனக்கு 38 வயது. தாம்பரம் பக்கம் வங்கிக் கடனில் வாங்கிய ஒரு ஃபிளாட், கொஞ்சம் டெபாசிட், பி.எஃப்., ஒரு இன்சூரன்ஸ். 9 வயதிலும் 4 வயதிலும் பிள்ளைகள். அப்பா இல்லை, அம்மாவும் தங்கையும் ஊரில். எல்லாவற்றிலும் மனைவியை நாமினியாகப் போட்டிருக்கிறேன். அது போதாதா? உயிலெல்லாம் வயதானவர்களும் பெரிய சொத்துக்காரர்களும் செய்வதுதானே?"

போதாது. இந்த நிலையில் இருப்பவர்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பத்து வீடு வைத்திருப்பவர் இறந்து, அதில் ஒன்று வழக்கில் மாட்டிக்கொண்டாலும் அந்தக் குடும்பத்துக்குச் சாப்பாடு நிற்காது. இருப்பது ஒரே வீடு, அதிலும் பாதி வங்கியுடையது என்றால், ஆறு மாதத் தாமதத்தைக்கூட உங்கள் மனைவியால் தாங்க முடியாது. இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கான எஸ்டேட் வரியை 1985லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் வரியை மிச்சப்படுத்த இந்த வேலை தேவையில்லை. நீங்கள் இல்லாத முதல் இரண்டு வருடத்தில் வீட்டில் இருப்பவர்கள் ஆபீஸ் ஆபீஸாக அலையாமல் இருக்கத்தான் இது தேவைப்படுகிறது.

உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். நீங்கள் இந்து என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். மற்றவர்களுக்கு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். வீடு 70 லட்சம் போகும், கடன் 40 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுகிறது. மனைவியின் சம்பளம் வீட்டுச் செலவுக்குச் சரியாக இருக்கும், தவணைக்குப் போதாது. வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மிச்சம் 30 லட்சத்தை வங்கியில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போகலாம் என்று அவர் முடிவெடுக்கிறார். நியாயமான முடிவு. ஆனால் உயில் இல்லையென்றால் அந்த முடிவை அவர் தனியாக எடுக்க முடியாது.

1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். உங்கள் விஷயத்தில் அது மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நான்கு பேர். ஆளுக்குக் கால் பங்கு. அப்பா உயிரோடு இருந்திருந்தாலும் அவர் இந்த வரிசையில் வரமாட்டார்; அவர் இரண்டாம் வகுப்பு. ஆக, கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டு உங்களோடு சேர்ந்து தவணை கட்டினாலும், பத்திரம் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்குதான்.

அம்மாவின் கால் பங்கு பெரிய பிரச்சினை இல்லை, அம்மா நல்லவர், தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நினைப்பீர்கள். பெரும்பாலான அம்மாக்கள் கொடுத்துவிடுவார்கள். ஆனால் மகனைப் பறிகொடுத்த அந்த வயதில் அவர் படுக்கையில் விழலாம், நினைவு தப்பலாம், அவரும் போய்ச் சேரலாம். அவர் உயில் எழுதாமல் இறந்தால் அந்தக் கால் பங்கு உங்கள் தங்கைக்கும், உங்கள் இடத்தில் உங்கள் பிள்ளைகளுக்கும் பிரியும். தாம்பரம் ஃபிளாட்டில் எட்டில் ஒரு பங்குக்கு உங்கள் தங்கை உரிமையாளர் ஆகிவிடுவார். அவருக்குச் சொத்து ஆசை துளியும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் விற்கும் நாளில் அவர் கையெழுத்து வேண்டும். அவர் துபாயிலோ டொராண்டோவிலோ இருந்தால் அங்கிருந்து பவர் பத்திரம் வர வேண்டும்.

உண்மையான முட்டுக்கட்டை பிள்ளைகளின் பங்குதான். இரண்டு பேரும் மைனர்கள். வீட்டில் பாதி அவர்களுடையது. இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி, பெற்ற தாயே ஆனாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. மீறி விற்றால், பிள்ளை 18 வயதைத் தாண்டி மூன்று வருடத்துக்குள் அந்த விற்பனையைச் செல்லாது என்று சொல்லி வழக்குப் போடலாம். உங்கள் கடைக்குட்டிக்கு 4 வயது. வாங்குகிறவர் 17 வருடம் பயந்துகொண்டு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்த வங்கியின் வக்கீலும் கடன் கொடுக்கலாம் என்று கருத்து எழுதமாட்டார். சரி, நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால் மனு, நோட்டீஸ், வீட்டின் மதிப்பு என்ன, விற்பது பிள்ளைகளின் நன்மைக்குத்தானா என்ற விசாரணை, பிள்ளைகளின் பங்குப் பணத்தை அவர்கள் மேஜராகும் வரை டெபாசிட்டில் போடச் சொல்லும் உத்தரவு என்று போகும். சட்டம் பிள்ளைகளைக் காப்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த மாதங்களில் தவணை நிற்பதில்லை. தொடர்ந்து கட்டத் தவறினால் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும்.

"என் வீடு முழுவதும் என் மனைவிக்கே" என்று இரண்டு சாட்சிகளின் முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், மேலே சொன்ன நான்கு பங்குக் கதை தொடங்கவே தொடங்காது. அம்மாவை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். டெபாசிட்டில் ஒரு தொகையையோ இன்சூரன்ஸ் பணத்தில் ஒரு பகுதியையோ அவருக்கு எழுதுங்கள். வீட்டில் கால் பங்கைவிட, மாதாமாதம் வட்டி வரும் ஐந்து லட்சம் அவருக்கு நிஜமாகவே உதவும்.

கடனைப் பற்றி ஒன்று. அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளைகள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர் மட்டும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. உங்கள் மனைவி கூட்டுக் கடனாளி என்றால், கடன் தொகை அளவுக்காவது ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள். புதிதாக எடுக்கும்போது 1874ஆம் வருடத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கிறேன் என்று விண்ணப்பத்திலேயே சொன்னால், அந்தப் பணம் மனைவி பிள்ளைகளுக்கான டிரஸ்ட் ஆகிவிடும். உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. தொழில் செய்பவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. பாலிசி எடுத்த பிறகு இதைச் சேர்க்க முடியாது, அதனால் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இப்போது நாமினி. நம் ஊரில் அதிகம் பேரை ஏமாற்றும் நம்பிக்கை இதுதான். நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கும் உரிமை உள்ளவர். அந்தப் பணம் சட்டப்படி யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இன்சூரன்ஸ் விஷயத்தில் 1984லேயே உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லிவிட்டது. வங்கி டெபாசிட்டுக்கு 2010லும், கம்பெனிப் பங்குகளுக்கு 2023 டிசம்பரிலும் இதையே உறுதி செய்தது. இன்சூரன்ஸில் மட்டும் 2015ல் சட்டத்தைத் திருத்தினார்கள்: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று. அதற்குப் பிறகும் மற்ற வாரிசுகள் நீதிமன்றத்துக்குப் போவது நிற்கவில்லை. ஆகவே நாமினி போடுங்கள், கட்டாயம் போடுங்கள், வங்கி சீக்கிரம் பணம் கொடுக்க அது உதவும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். ஆனால் நாமினியும் உயிலும் ஒரே ஆளைச் சொல்லட்டும். நாமினி தம்பி, உயில் மனைவிக்கு என்று இருந்தால் நீங்களே ஒரு வழக்கைத் தொடங்கி வைத்தது போல ஆகும். பி.எஃப்.பில் போய்ப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதிய பெயர் அப்படியே இருக்கும். கல்யாணம் ஆனதும் அதைப் புதுப்பித்திருக்க வேண்டும்.

உங்கள் மனைவியும் தனியாக உயில் எழுத வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெண்களின் சொத்து போகும் வழி வேறு, அது பலருக்குத் தெரிவதே இல்லை. உயில் எழுதாத இந்துப் பெண் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்து முதலில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும். அவர்கள் இல்லையென்றால்? பெற்ற அப்பா அம்மாவுக்கு இல்லை, கணவனின் வாரிசுகளுக்கு. அதற்கும் ஆள் இல்லாவிட்டால்தான் பெற்றோர். 2009ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை. கல்யாணமான சில மாதங்களில் கணவர் இறந்துவிட்டார். புகுந்த வீட்டார் அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் படிக்க வைத்தார்கள். அவர் வேலைக்குப் போய்ச் சொந்தமாகச் சேர்த்தார். உயில் எழுதாமல் இறந்தார். அவர் சேர்த்த பணம் முழுவதும் கணவனின் உறவினர்களுக்கே போக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது, இரக்கத்துக்காக அதை மாற்ற முடியாது என்றது நீதிமன்றம். தனியாக வாழும் பெண்கள், கணவனை இழந்தவர்கள், பிள்ளை இல்லாதவர்கள் இதைப் படித்தால் இந்த வாரமே ஒரு தாளை எடுத்து எழுதிவிடுங்கள்.

சட்டத்தின் முதல் வகுப்பு வாரிசுப் பட்டியலில் வராத, ஆனால் நம் வீடுகளில் நிஜமாக இருக்கிறவர்கள் இன்னும் பலர். அண்ணன் மகளை எடுத்து வளர்த்திருப்பார்கள். சட்டப்படி தத்து எடுத்திருக்கமாட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. கல்யாணமே செய்துகொள்ளாமல் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய அக்கா, மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளை, பல வருடம் சேர்ந்து வாழ்ந்தும் பதிவோ தாலியோ இல்லாத துணை, கடைசிவரை மாமனாரைப் பார்த்துக்கொண்ட மருமகள். இவர்களில் யாருக்காவது ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்றால் உயிலைத் தவிர வேறு சுலபமான வழி இல்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பிள்ளைக்கென்று ஒரு டிரஸ்ட் எழுத வேண்டும். அதற்கு நல்ல வக்கீலிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம்: ஈமச்சடங்குச் செலவும் கடனும் போக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு எதுவும் இல்லை. அவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போகும்.

எழுதுவது எப்படி? பலர் நினைப்பதைவிடச் சுலபம். முத்திரைத்தாள் வேண்டாம், சட்டத் தமிழும் வேண்டாம். நீங்கள் யார், இது உங்கள் கடைசி உயில், இதற்கு முன் எழுதியவை ரத்து, எந்தச் சொத்து யாருக்கு, அவர் உங்களுக்கு முன்னே இறந்துவிட்டால் யாருக்கு, இவ்வளவுதான் சாரம். கணவன் மனைவி இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டால் என்ற கேள்வியைத் தவிர்க்காதீர்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதை எழுதும் இடம் இதுதான். காப்பாளராக உங்கள் தங்கை பெயரை எழுதுவதாக இருந்தால் முதலில் அவரிடமும் அவர் கணவரிடமும் கேட்டுவிடுங்கள். "இதில் சொல்லாத, இனிமேல் நான் வாங்கப்போகும் சொத்துகளும் இன்னாருக்கு" என்ற ஒரு வரியை மறக்கவே கூடாது. அது இல்லாததால் கடைசி ஐந்து வருடச் சேமிப்பு மட்டும் தனியாக வழக்காடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு.

சாட்சிகள் இரண்டு பேர். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், பிறகு உங்கள் முன்னால் அவர்கள் போட வேண்டும். பிற்காலத்தில் பிரச்சினை வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும்; அதனால் உங்களைவிட வயதில் இளையவர்களாக, ஊரில் இருக்கக்கூடியவர்களாகப் பாருங்கள். சொத்து பெறுகிறவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சியாக இருக்க வேண்டாம். லாபம் பெறுகிறவரே முன்னின்று உயிலை எழுத வைத்தால் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வயதானவர் எழுதும்போது, தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் அதே நாளில் ஒரு சான்று வாங்கி இணைப்பது நல்லது.

பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்யச் சொல்வேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் தொலைந்தது, கிழிந்தது, மாற்றியது என்ற பேச்சு வராது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வேறு யாரும் நகல் வாங்கிப் படிக்கவும் முடியாது. மனது மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். சென்னை எல்லைக்குள் இருக்கும் சொத்துக்கு உயர் நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று, வாங்கியே ஆக வேண்டும் என்று நெடுங்காலம் இருந்த விதியையும் 2025 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள், அதனால் உயிலைப் பார்த்துப் பயப்பட இருந்த ஒரு காரணமும் போய்விட்டது.

உயிலுக்குப் பதில் இப்போதே பிள்ளை பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். செட்டில்மெண்ட் எழுதிய அன்றே சொத்து கைமாறிவிடும், நினைத்தால் ரத்து செய்ய முடியாது. பெற்றோர் 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டு போராடி மீட்க வேண்டியிருக்கும். உயில் எழுதினால் கடைசி மூச்சு வரை வீடு அவர்களுடையது.

அப்புறம், உயில் மட்டும் இருந்தால் போதாது. என்ன இருக்கிறது என்பதே வீட்டுக்குத் தெரியாவிட்டால்? பத்து வருடம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். 2024 மார்ச் கடைசியில் அப்படிச் சேர்ந்திருந்தது 78,213 கோடி ரூபாய். தேடுவதற்கென்றே 2023ல் உத்கம் என்று ஒரு இணையதளம் திறக்க வேண்டி வந்தது. நம்மைப் போன்ற யாரோ சிறுகச் சிறுகச் சேர்த்து, வீட்டில் சொல்லாமல் போன பணமும் அதில் இருக்கிறது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த வங்கி, எந்தக் கிளை, டீமேட், பாலிசி எண், பி.எஃப். எண், லாக்கர் சாவி இருக்கும் இடம், நகைச் சீட்டு, யாருக்குக் கொடுத்த கடன், யாரிடம் வாங்கியது, மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்றால் அதற்கான ரசீது. கடவுச்சொற்களை உயிலில் எழுதாதீர்கள். நோட்டு எங்கே என்று மனைவிக்குத் தெரிந்தால் போதும்.

இறப்பு ஒன்றையே நினைத்துக்கொண்டு, படுத்த படுக்கையாவதை மறந்துவிடுகிறோம். உயில் அப்போது உதவாது. பவர் பத்திரமும், எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை இழந்தால் செல்லாமல் போய்விடும். 2024ல் சென்னை உயர் நீதிமன்றத்தில், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க ஒரு மனைவி முதலில் தனி நீதிபதியிடம் மறுக்கப்பட்டு, பிறகு இரு நீதிபதிகள் அமர்வில்தான் அனுமதி பெற்றார். அன்றாடச் செலவுக்கான கணக்கையாவது இருவரில் யாரும் இயக்கும்படி கூட்டாக மாற்றுங்கள். நல்ல மருத்துவக் காப்பீடு எடுங்கள். மீள வழியில்லாத நிலையில் வெண்டிலேட்டரில் வைத்திருக்க வேண்டாம் என்பது உங்கள் விருப்பம் என்றால், அதையும் முன்கூட்டியே எழுதலாம். 2018ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. 2023ல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. ஐ.சி.யூ. வாசலில் அந்த முடிவின் பாரம் உங்கள் மனைவி தலையில் விழாமல் இருக்க இது உதவும்.

கடைசியாக, ஊர்ச் சொத்து. நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அப்பா இறந்துவிட்டார் என்கிறீர்கள். அவர் பெயரிலோ தாத்தா பெயரிலோ பட்டா அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதே இன்னும் தீராத கேள்வி. உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்தக் கேள்வி உங்கள் பிள்ளைகளிடம் போகும். தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்குப் பிறகு கல்யாணமான மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005ல் வந்தது. அம்மா தெளிவாக இருக்கும்போதே மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுப் பட்டாவை மாற்றிவிடுங்கள். "அம்மா, நீங்க உயில் எழுதுங்க" என்று மகன் வாயிலிருந்து வந்தால் அவர் மனது புண்படும் என்று தயங்குவீர்கள். முதலில் உங்கள் உயிலை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை எடுத்துக்கொண்டு போய், அவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று காட்டிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.